மூன்றாவது பிரதி

ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டுமென்றால், முதலில் எதையும் மாற்றாமல் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவது நல்லது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

என் நோட்டு உங்களிடம் இருக்கிறது. அட்டையில் கவிப்ரியா என்று என் பெயரும், அதன் கீழே மாலை வகுப்பு என்றும் எழுதியிருக்கும். வகுப்பில் படித்ததும் வேலையில் செய்ததும் தேதி, நேரம் போட்டு அதில் இருக்கின்றன. என் எழுத்து பொடி. பல இடங்களில் எழுதி, அடித்து, அதையே மறுபடி எழுதியிருப்பேன். எழுதியது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இரண்டு முறை.

நேற்று நீங்கள், "எதுக்கும்மா இம்புட்டையும் எழுதி வச்சிருக்க?" என்று கேட்டீர்கள். நோட்டைப் படிப்பதற்கு இது உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது. ஆனால் வரிசையாகச் சொல்லிவிட முடியும்.

எங்கள் அலுவலகம் உச்சிப்புளியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒரே அறை. மேலாளர் தர்மராஜ் சார், நான், இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு இன்டர்நெட் லைன். சுற்று வட்டாரத்து நாட்டுப்படகுகள் அறுபதுக்கு எங்கள் கம்பெனி படகுக்கொரு பெட்டி கொடுத்திருந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், ஆரஞ்சு நிறம். மிதவைச் சட்டையின் இடுப்புப் பக்கம் அதைச் சேர்த்துத் தைத்துவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இருக்கும் இடத்தை எங்களுக்கு அனுப்பும். திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். எங்கள் அறையில் மணி அடிக்கும். நாங்கள் இடத்தைப் பார்த்துக் கடலோரக் காவலுக்கும் பக்கத்தில் இருக்கும் படகுகளுக்கும் போன் செய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

எனக்குக் கடல் பழக்கமில்லை. முதுகுளத்தூருக்கு மேற்கே மிளகாய்க் காட்டுக்காரர்கள் நாங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்தான். அதுவும் பாதி வருடம் காய்ந்து கிடக்கும்.

புதுமடத்தில் பெட்டி கொடுக்கப் போன அன்றுதான் ஹமீது அண்ணனை முதலில் பார்த்தேன். நண்டு வலைக்காரர். சின்ன ஃபைபர் படகு, பெரும்பாலும் தனியாகத்தான் போவார். பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொத்தான அமுக்குனா இந்தப் புள்ள நீந்தி வருமா சார்?" என்றார்.

"அது கெணத்துலயே எறங்காது பாய். போன் பண்ணும். அதுக்குத்தான் வச்சிருக்கோம்" என்றார் தர்மராஜ் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பச்சை விளக்கைப் பற்றி நான்தான் விளக்கினேன். செய்தி எங்கள் அறைக்கு வந்து சேர்ந்ததும் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

"பச்சை எரிஞ்சா நீ பாத்துட்டன்னு அர்த்தம்" என்றார் ஹமீது அண்ணன்.

"ஆமாண்ணே. அதுக்கப்பறம் திரும்பத் திரும்ப அமுக்காதீக. பேட்டரி எறங்கிரும். பதறாம மெதந்துக்கிட்டே இருந்தாப் போதும்."

"எரியாட்டி?"

"எரியிற வரைக்கும் அமுக்குங்க. நாலு நிமிசத்துக்கு ஒருக்கா."

"நாலு நிமிசம். பச்சை. அப்பறம் சும்மா கெடக்கணும்." பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல விரல் விட்டுச் சொன்னார். "ஏத்தா, கடல்ல சும்மா கெடக்கச் சொல்ற மொத ஆளு நீதான்."

அவர் பெட்டியின் எண் நாற்பத்து மூன்று.

ஒருமுறை அந்தப் பெட்டியிலிருந்து மணி அடித்தது. போன் செய்தேன். அவர் மனைவி ஜுமானா அக்கா எடுத்து, "எங்க வீட்டுக் குட்டி அமுக்கிருச்சு தங்கச்சி, கோவிச்சுக்கிறாதிய" என்றார். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். நான் அதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத் தகவல்கள் பழைய கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன ஃபைல். லட்சக்கணக்கில். அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் மதுரைத் தலைமை அலுவலகத்து சர்வருக்கு மாற்றும்படி உத்தரவு வந்தது. நான் பிடித்து இழுத்துப் போட்டேன். எழுபது சதவீதத்தில் கரண்ட் போனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாற்பதில் லைன் அறுந்தது.

"நீ அனுப்பி முடிக்கிறதுக்குள்ள அந்த டிஸ்க்கக் கழட்டி பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, ஒரு ஜிகர்தண்டாவும் குடிச்சிட்டு வந்துரலாம்" என்றார் தர்மராஜ் சார்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் உண்மையில் அதுவும் நல்ல முறைதான். மிகப் பெரிய அளவாக இருந்தால் லைனைவிட பஸ் வேகம். டிஸ்க் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததால் அதைச் செய்ய முடியவில்லை.

இராமநாதபுரத்தில் நான் படிக்கும் மாலை வகுப்பில் முருகேஸ்வரி மேடம் சொல்லித் தருகிறார். என் சிக்கலைச் சொன்னேன்.

"வீடு மாத்துறப்ப என்ன செய்வ?" என்று கேட்டார். "பழைய வீட்டுக்கு ஒரு பட்டியல், புது வீட்டுக்கு ஒரு பட்டியல். ரெண்டையும் வச்சுப் பாரு. அங்க இல்லாதத மட்டும் வண்டியில ஏத்து. ஏற்கனவே போய்ச் சேந்த அம்மிக்கல்லத் திரும்பத் திரும்ப ஏன் தூக்குற?"

அன்று எட்டுப் பக்கம் எழுதினேன். சின்ன ஃபைல்களைத் தனித்தனியாக அனுப்பாமல் மூட்டையாகக் கட்ட வேண்டும். சுருக்கி அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் படித்துப் பார்க்காமல் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒப்பிட்டாலே போதும். இன்னொன்றும் சொன்னார்: பழைய இடத்தில் அழித்ததைப் புதிய இடத்திலும் தானாக அழிக்கும்படி செய்யலாம், அப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல ஒன்றாக இருக்கும். கடைசியாக, எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று தொலைவில் இருக்க வேண்டும் என்றார். மூன்றாவது பிரதிக்கு எங்களிடம் வழி இல்லையே என்று கவலைப்பட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

இனி வேக வரம்பு. பெட்டிகளின் செய்திகள் வருவதும் நான் காப்பி அனுப்புவதும் ஒரே லைனில். காப்பி முழு லைனையும் எடுத்துக்கொண்டால் செய்திகள் பின்னால் நிற்கும். அதனால் பகலில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தர்மராஜ் சார் வரம்பு வைத்திருந்தார். அப்படிச் செய்தால் பன்னிரண்டு நாள். வரம்பு இல்லாவிட்டால் மூன்று. வெள்ளிக்கிழமை காலைக்குள் முடியாவிட்டால் மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்து செய்வார் என்று சொல்லிவிட்டார்கள். என்னை நிரந்தரமாக்குவது பற்றியும் அந்த வாரம்தான் முடிவு செய்வதாக இருந்தது. என்னைப் பெற்ற அய்யா ஊரிலிருந்து நாள் தவறாமல் போன் செய்து, "வேலை நெலையாயிருச்சா தாயி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காரியத்தையாவது பிசகில்லாமல் முடித்தோம் என்று இருக்க வேண்டும் என எனக்கும் ஆசை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரம்பை எடுத்தேன். புள்ளிகள் நான்கு நிமிடம் தாமதமாக வந்தன. புதன்கிழமை பதினொரு நிமிடம். 'பாதகமில்லை' என்று எழுதி, அடித்து, மறுபடி 'பாதகமில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை தர்மராஜ் சார் மதுரைக்குப் போயிருந்தார். மேற்கிலிருந்து அடிக்கும் ஆனி மாதக் கச்சான் காற்று. உரக்கடையின் தகரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பதினான்கு படகுகள்தான் கடலில் இருந்தன. ஒன்று ஐம்பதுக்குப் பிறகு புள்ளிகள் எதுவும் வரவில்லை. காப்பி கடைசிப் பகுதியில் இருந்தது. பெரிய மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தது. எண் நாற்பத்து மூன்று. அமுக்கிய நேரம் இரண்டு நாற்பது என்று காட்டியது. இடத்தைப் பார்க்க அதன் மேல் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லைன் நிறைந்திருந்தது. இடம் தெரிய வேண்டுமென்றால் காப்பியை நிறுத்த வேண்டும். காப்பி தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் இருந்தது. மீதி இரண்டு மணி பத்து நிமிடம்.

நான் யோசிக்காமல் இல்லை. ஹமீது அண்ணனின் போனுக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். ஜுமானா அக்காவுக்கு அடிக்கலாமா என்று யோசித்தேன். முன்பு ஒருமுறை அந்த வீட்டுக் குழந்தை அமுக்கியதுதானே. காரணமில்லாமல் ஒரு வீட்டைப் பதறவைக்கக் கூடாது. கடலோரக் காவலுக்குப் போன் செய்தால் முதலில் இடம் கேட்பார்கள். இடம் என்னிடம் இல்லை. காப்பியை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை அப்படி ஆரம்பித்தவள் நான். மூன்றாவது முறை என்னால் முடிந்திருக்காது. இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் காத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதத்தை எழுதினேன். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து என்று அந்தப் பக்கம் முழுக்க இருக்கும். நோட்டிலேயே அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் அதுதான்.

ஆறு இரண்டுக்கு நூறு சதவீதம் ஆனது. இடத்தைத் திறந்து பார்த்தேன். நேரமாகிவிட்டிருந்தது. மணி அடித்த நேரமும் நான் திறந்த நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஒன்று ஐம்பதுக்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து வந்த எல்லாவற்றையும் அழித்தேன். மதுரையிலும் அவை போய்ச் சேர்ந்திருக்கும் என்பதால், கண்ணாடி முறையில் காப்பியை மறுபடி ஒருமுறை ஓட்டினேன். வித்தியாசத்தை மட்டும்தான் அது பார்க்கும் என்பதால் அதிக நேரம் எடுக்கவில்லை. பட்டியலை ஒப்பிட்ட பிறகு, அழிப்பதற்கு ஆறு நொடி. அவ்வளவு நல்ல முறை. பிறகு நாற்பத்து மூன்றாம் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தேன், இனி அதிலிருந்து எதுவும் வந்து சேராதபடி. அப்போது ஆறு இருபத்தெட்டு. கதவைப் பூட்டினேன். அன்று ஒரே ஒருமுறைதான் திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதம். "என்ன கவிப்ரியா, உன் வண்டி இன்னும் அம்மிக்கல்ல எறக்கலையா?" என்று மேடம் கேட்டார்.

"எறக்கிட்டேன் மேடம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏழு நாற்பதுக்கு தர்மராஜ் சார் மதுரையிலிருந்து போன் செய்தார். "ஏம்மா, ஹமீது பாய் இன்னும் கரைக்கு வரலையாம். வீட்டுல இருந்து போன் மேல போன். அவரு புள்ளி எங்கன இருக்கு?"

ஒன்று ஐம்பது மணி இடத்தை நோட்டைப் பார்த்துச் சொன்னேன். கடைசிப் புள்ளி அதுதான் என்றேன்.

"மணி எதும் அடிச்சுச்சா?"

"இல்ல சார்."

புதுமடத்திலிருந்து ஒன்பது படகுகள் அந்த இடத்துக்குப் போய்த் தேடின. மறுநாளும் அங்கேயே சுற்றித் தேடின. மூன்றாம் நாள் அவருடைய படகு கவிழ்ந்தபடி பாம்பன் பக்கம் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

படகு கிடைத்த பிறகு ஒரு நாள் காலை ஜுமானா அக்கா எங்கள் மாடிக்கு வந்தார். கூட ஹமீது அண்ணனின் தம்பி. அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. என் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கனதான மணி அடிக்கும் தங்கச்சி?"

"ஆமாக்கா."

"அடிச்சுச்சா?"

"அடிக்கலக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நீ தண்ணி குடிக்க எங்கயும் எந்திரிச்சுப் போயிருந்தியா? நான் கோவிச்சுக்கிற மாட்டேன்."

"நான் எங்கயும் போகலக்கா. இங்கயேதான் இருந்தேன்."

அக்கா கொழுந்தனைப் பார்த்து, "அப்ப அமுக்கக்கூட நேரமில்லாமப் போயிருக்கு. ரொம்ப நேரம் தவிச்சிருக்க மாட்டாக, அல்லா கிருபையில" என்றார். படி இறங்கும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நான் சொன்ன பதில் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஆறுதல் கிடைத்திருக்காது.

அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்கினார்கள். மற்ற ஊர் அலுவலகங்களுக்கும் இதே முறையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அய்யா ஊரில் எல்லோருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தாராம்.

நாற்பது நாள் கழித்துத் தனுஷ்கோடியில் ஒருவருடைய வலையில் மிதவைச் சட்டை ஒன்று சிக்கியது. பெட்டி அதில் தைத்தபடியே இருந்தது. பெட்டிக்கு உள்ளே ஒரு சின்ன கார்டு உண்டு. நடந்ததையெல்லாம் அது தனக்கும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. நீங்கள் அதைக் காகிதத்தில் அச்செடுத்து நேற்று விசாரணையில் என் முன்னால் வைத்தபோது, நோட்டில் நான் போட்ட கேள்விக்குறிதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது பிரதி தொலைவில்தான் இருந்திருக்கிறது.

உங்கள் காகிதத்தோடு ஒத்துப்போகும்படி மூன்று இடங்களில் திருத்திக்கொள்கிறேன்.

மணி அடித்தது என்று மேலே சொன்னேன். அது ஒருமுறை அல்ல. இரண்டு நாற்பதிலிருந்து அவர் அமுக்கிய பதினெட்டும் வரிசையில் காத்து நின்று, மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் நாலு நிமிட இடைவெளியில் அமுக்கியவை. குழந்தை அப்படி அமுக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அவர் அமுக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்திருக்கும். நான் சொல்லிக்கொடுத்தபடி அவர் பதறாமல் மிதந்துகொண்டு இருந்திருக்கிறார்.

ஆறு இரண்டுக்கு நான் திறந்து பார்த்தபோது நேரமாகிவிட்டிருந்தது என்று எழுதினேன். எனக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவருடைய புள்ளி அப்போதும் வந்துகொண்டிருந்தது. காற்றோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு புள்ளிகள் வந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் அழித்தேன். எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் பச்சை விளக்கு அணைந்திருக்கிறது; ஏனென்றால் ஆறு முப்பத்து மூன்றிலிருந்து அவர் மறுபடி அமுக்க ஆரம்பித்திருக்கிறார். எட்டு ஐந்து வரை. இருபத்து நான்கு முறை. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நாற்பதுக்கு தர்மராஜ் சார் என்னிடம் இடம் கேட்டபோதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

இவ்வளவுதான். இதைச் செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நீங்கள் நேற்று கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். காப்பியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு இடத்தைப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டீர்கள். நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால்தான் நிறுத்தவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்ப்பீர்கள். மேடம் அந்த முறையைச் சொல்லித்தந்த அன்று எழுதியது. முதல் வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது: 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும்.' அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.